கொடுக்கல் வாங்கல்

போர்ட் பைரியில் ஜனவரி மதியம்
கலாக் கிளிகள்கூடப் பறக்காது.
ஈய ஆலையின் நெடும் புகைபோக்கி
தன் நிழலைக் காலடியிலேயே சுருட்டி வைத்துக்கொள்ளும்.
அந்த நேரத்தில்தான் எனக்கு வியாபாரம்.

கூரைமேல் பதினெட்டுப் பலகைகள்,
கடன் இன்னும் நான்கு ஆண்டு.
பகலில் விற்பது யூனிட் நான்கு சென்ட்.
இரவில் அதே கம்பியில் வாங்குவது நாற்பத்து மூன்று.
பசுவை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு
அதன் பாலையே லிட்டர் கணக்கில் வாங்குகிறவளைப்
பார்த்திருக்கிறீர்களா?
என் அப்பா மீன் விற்றவர்.
தராசில் கட்டைவிரல் வைக்கத் தெரியாமல்
வாடகை வீட்டிலேயே செத்துப்போனார்.
எனக்குத் தராசே கண்ணில் படுவதில்லை.

பலகை பொருத்த வந்த டீனோ சொன்னான்:
மின்சாரம் சோம்பேறி, அக்கா.
அடிலெய்டு வரை போகும் என்று கனவு காணாதே.
பக்கத்தில் யார் சுவிட்ச் போட்டிருக்கிறார்களோ
அங்கே நுழைந்து படுத்துக்கொள்ளும்.

பக்கத்தில் கார்த் ஃபிட்ஸ்னர்.

அவருடைய மிளகுமரம்
மூன்று மணிக்குமேல் என் ஆறு பலகைகளில் உட்கார்ந்துகொண்டிருந்தது.
நான் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதினேன்.
ஒரே நாளில் வெட்டினார். ஆள் வைக்கவில்லை, தானே.
என் சமையலறை ஜன்னலுக்கு நேராக
தகர வேலிக்கு மேலே தெரியும்படி
விறகை அடுக்கினார்.
ஆறு குளிர்காலம், ஒரு கட்டையையும் எரிக்கவில்லை.
ஆறு கோடை, ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மரம் சும்மா தந்த குளிர்ச்சிக்கு
அவர் ஏசி வாங்கினார்.
அது கடகடவென்று என் தூக்கத்தை மென்றது.
அதை ஓட்டியது என் வெயில்.
பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்கு நடுவே
நாளெல்லாம் கொடுக்கல் வாங்கல்.
இடையில் முப்பத்தொன்பது சென்ட் எடுத்துக்கொள்கிறவர்
எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறாரோ.

அந்தச் செவ்வாய், நாற்பத்து நான்கு டிகிரி.
பதினொன்றே காலுக்கு இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு.
திரையில் 258.
தானே உயிர்பெற்றது. மறுபடி 258. மறுபடி சிவப்பு.
டீனோவைக் கூப்பிட்டேன்.
தெருவே விற்கிறது, வாங்க ஆளில்லை என்றான்.
கம்பியில் நெரிசல். உன் பெட்டி நல்ல பெட்டி,
ஒதுங்கிக்கொள்கிறது.

ஃபோனை வைத்து, பாத்திரம் கழுவினேன்.
இரண்டு தட்டு கழுவியிருப்பேன்.
வாங்க ஆளில்லை.
குழாயை மூடினேன்.
கடகட இல்லை.

குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து ஏறி,
அந்த விறகின்மேலேயே கால் ஊன்றி இறங்கினேன்.
ஒரு கட்டை உருண்டு ஓடியது.
துணி துவைக்கும் அறையில் தரையோடு கிடந்தார்,
இடுப்பு திரும்பி, காலை ஒன்பதிலிருந்து.
பக்கத்தில் ஒரு வாளி ஈரச் சட்டைகள்.
அவற்றைச் சப்பியிருக்கிறார்.
என்னைப் பார்த்ததும்
ஆறு வருடத்தின் முதல் வாக்கியம்:
"மீட்டர் பார்க்க வந்தாயா, நுன்ஸியா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல,
உண்மையும் அதுதானே.

ஆம்புலன்ஸ் அவரை அடிலெய்டுக்குக் கொண்டுபோனது.
என் மின்சாரம் போகாத தூரம்.
ஏழு வாரம்.
சிவப்பு விளக்கால் விற்காமல் போனது
பதினோரு டாலர் சொச்சம், எழுதி வைத்திருக்கிறேன்.
உருண்ட கட்டையை எடுத்து
இருந்த இடத்திலேயே வைத்தேன்,
வெட்டுமுகம் என் பக்கம் பார்க்கும்படி.

மார்ச்சில் ஒரு மதியம்
சுவருக்கு அப்பால் ஏதோ இருமியது,
பிறகு கடகட.
செருப்புகூடப் போடாமல் பெட்டி முன்னால் போய் நின்றேன்.
255.
253.
252.
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

பிறகு 250.
கெட்டிலும் வைத்திருக்கிறார் போல.